பிள்ளை எங்கே இருந்து படிப்பது? யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டங்களில் "பிள்ளை படிக்கிறான் இல்லை, ரீச்சர்" என்று என்னிடம் வரும் தாய்மாரை நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்கே இருந்து படிக்கிறான்?" பலருக்கு உடனே பதில் வராது. கட்டிலில், ஹோலில், சில நாள் பாட்டி வீட்டில் என்று யோசித்து யோசித்துச் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாகத் தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். என் சொந்தப் பிள்ளைகள் இருவரையும் இதே ஊரில் படிக்கவைத்தேன். அந்த அனுபவத்தில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கென்று தனி அறை இல்லை. அது பெரிய குறையா?

குறையே இல்லை. ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்குத் தனி அறை பெரும்பாலும் பொருந்துவதும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் விளங்காவிட்டால் "அம்மா" என்று கூப்பிட்டதும் பதில் வரும் தூரத்தில் இருப்பதைத்தான் அந்த வயதுப் பிள்ளை விரும்பும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். மூத்தவன் தரம் 3க்கு வந்ததும் பின்னறையை ஒழித்து, பெரிய மேசை ஒன்றைப் போட்டு, "இது உன் படிப்பறை" என்று கொடுத்தேன். ஆறு மாதத்தில் அந்த மேசை ஸ்திரி போட்ட உடுப்பு அடுக்கும் இடமாகிவிட்டது. அவனோ குசினி வாசற்படியில் கொப்பியை வைத்து, முதுகை வளைத்து எழுதிக்கொண்டிருந்தான். பலமுறை பேசிப் பார்த்தேன். கடைசியில் அவனை அறைக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, சின்ன மேசை ஒன்றைக் குசினிக்குப் பக்கத்து மூலைக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து நான் கறிக்கு வெங்காயம் வெட்டுவேன், அவன் கணக்குச் செய்வான்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னர் மூன்று நாள் பேசாமல் பாருங்கள். பிள்ளை தானாக எங்கே போய் இருக்கிறது, எந்த நேரத்தில் எழும்புகிறது, எதற்காக எழும்புகிறது? இடத்தைப் பிள்ளை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும். அந்த இடத்தைச் சீராக்கிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. உயர்தரத்துக்கு (தரம் 12, 13) படிக்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு. அதற்குக் கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை, அறை இல்லாவிட்டால் விறாந்தையின் ஓர் ஓரத்தில் திரைச்சீலையாவது வேண்டும்.

மேசையும் கதிரையும் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

மேசைக்குக் கீழே குனிந்து பிள்ளையின் கால்களைப் பாருங்கள். பெரியவர்களின் கதிரையில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் பாதம் நிலத்தில் முட்டாது. தொங்கும் கால் அலுத்துப்போகும். பிள்ளை முதலில் காலை ஆட்டும், பிறகு கதிரையின் முன்காலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும், பிறகு ஒரு காலை மடித்துக் கதிரைமேல் வைக்கும், கடைசியில் ஒருபக்கம் சரிந்து மேசையில் தலை வைத்து எழுதும். நாங்கள் "நேராக இரு" என்று அதட்டுகிறோம். நேராக இருக்க அந்தக் கதிரை விடுவதில்லை.

உணவு மேசைகள் பெரும்பாலும் 75 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பள்ளித் தளபாடங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையோ 120 முதல் 140 சென்ரிமீற்றர் வரை உயரமான பிள்ளைக்கு 59 சென்ரிமீற்றர் மேசையும் 35 சென்ரிமீற்றர் கதிரையும் சொல்கிறது. அடுத்த அளவு 64க்கு 38. சாதாரண தரத்துக்கு (தரம் 10, 11) படிக்கும் வயதில் பலருக்கு 71க்கு 43 பொருந்தும். இலக்கங்கள் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை: பாதம் முழுவதும் நிலத்தில் பட வேண்டும், கையைத் தொங்கவிட்டு மடித்தால் முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், கொப்பிக்கும் கண்ணுக்கும் இடையில் ஒரு அடிக்குக் குறையாத தூரம் வேண்டும்.

வீட்டில் இருப்பது பெரிய மேசைதான் என்றால் அதன் கால்களை அறுக்காதீர்கள். இரண்டு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும். அறுத்த கால் வளராது. கதிரையில் தடித்த பலகையோ இறுக்கமாக மடித்த சாக்கோ போட்டு இருக்கையை உயர்த்துங்கள். கால் வைக்க மரப்பெட்டி ஒன்றைக் கீழே வையுங்கள். தச்சரிடம் செய்விப்பவர்கள் கால் வைக்கும் பலகையை ஏற்றி இறக்கக்கூடியதாகக் கேட்டு வாங்கலாம். பிள்ளை வளர வளரப் பலகை கீழே இறங்கும், மேசை அப்படியே இருக்கும்.

கதிரையில் சக்கரம் வேண்டாம். சிறுபிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான்.

நிலத்தில் பாய் போட்டு இருந்து படித்தால் கூடாதா?

தாராளமாகப் படிக்கலாம். எங்கள் தாத்தாமார் திண்ணையில் தடுக்குப் போட்டு இருந்துதான் படித்தார்கள். கூடாதது, கொப்பியை நிலத்தில் வைத்துவிட்டு அதன்மேல் கவிழ்ந்து எழுதுவது. கழுத்தும் கண்ணும் சேர்ந்து கெடும். சப்பாணி கட்டி இருக்கும் பிள்ளையின் மடிக்கு மேலே நிற்கும் உயரத்தில், தன் பக்கம் சற்றுச் சரிந்த பலகையோடு சின்ன எழுத்து மேசை ஒன்று செய்து கொடுங்கள். மிஞ்சிய பலகைத் துண்டுகளில் தச்சர் ஒரு பின்னேரத்தில் செய்துவிடுவார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மடித்து எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்கும் போகலாம்.

கட்டிலில் படிப்பதை மட்டும் பழக்காதீர்கள். அங்கே படிப்பும் சரியாக வராது, நித்திரையும் சரியாக வராது.

எந்த மாதிரி வெளிச்சம் வேண்டும்? அறையில் ரியூப் லைற் இருந்தால் போதாதா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சாதாரண தரத்துக்குப் படித்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அந்தப் பஞ்சு குடிக்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் கம்பி பிடித்த மெல்லிய திரி. அந்த ஒரு போத்தலைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் இருப்போம். நடுவில் வைத்தால் யாருக்கும் போதாது என்பதால் ஒழுங்கு ஒன்று வைத்திருந்தோம்: சின்ன எழுத்துப் படிப்பவர் கிட்ட, கணக்குச் செய்பவர் அடுத்து, மனனம் செய்பவர் தூர. திரியில் கரி பிடித்தால் அண்ணா ஈர்க்குக் குச்சியால் தட்டிவிடுவார்; அந்த நொடியில் எல்லோருடைய கொப்பியும் ஒருமுறை பளிச்சென்று தெரியும். அறை முழுவதும் இருட்டுத்தான். எங்களுக்கு வேண்டியிருந்தது கொப்பியில் விழுந்த ஒரு கையகலம் வெளிச்சம்.

இன்றைய வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூரையில் நல்ல மின்குமிழ், அறையெல்லாம் வெளிச்சம், ஆனால் பிள்ளை சுவரைப் பார்த்து இருப்பதால் அதன் தலையின் நிழல் கொப்பியிலேயே விழுகிறது. இரவில் ஒருமுறை பிள்ளையின் கதிரையில் நீங்கள் இருந்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று உடனே தெரியும். வாசிக்க, எழுத மேசைமேல் ஏறத்தாழ 500 லக்ஸ் வெளிச்சம் தேவை என்று விளக்குத் தரநிலைகள் சொல்கின்றன. அதற்கு அறை விளக்கோடு சாதாரண மேசை லாம்பு ஒன்று சேர்ந்தால் போதும். வலக்கைப் பிள்ளைக்கு லாம்பு இடப்பக்கம், இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். இடக்கைப் பழக்கத்தை மாற்ற யாரும் முயலவேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு லாம்பை மட்டும் போடுவதும் கண்ணை அலுக்கவைக்கும்.

மின்வெட்டுக்கு மின்னேற்றக்கூடிய விளக்கு ஒன்றை மேசை லாச்சியிலேயே வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்போது மண்ணெண்ணெய் விளக்கு மீண்டும் பல வீடுகளில் மேசைக்கு வந்தது. கடதாசியும் நுளம்பு வலையும் இருக்கும் இடத்தில் திறந்த சுவாலை வேண்டாம். நாங்கள் வேறு வழியில்லாமல் அப்படிப் படித்தோம்.

எந்தத் திசையைப் பார்த்து இருந்து படிக்க வேண்டும்?

கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள். கிழக்குப் பார்த்து இருக்கும் பிள்ளைக்கு வடக்கு இடப்பக்கம் வரும். வடக்கில் யன்னல் இருந்தால் பகல் முழுவதும் மென்மையான வெளிச்சம் இடக்கைப் பக்கமாகக் கொப்பியில் விழும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் பின்னேரத்தில் அந்த யன்னலிலும் சரிந்த வெயில் வரும். மெல்லிய சீலை போட்டால் சரி.

தவிர்க்க வேண்டியது மேற்கு யன்னல். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டு, எழுத இருக்கும் நேரத்தில்தான் அந்தச் சுவர் அனலாகக் கொதிக்கும்.

வெக்கைக்கு என்ன செய்வது? பான் (மின்விசிறி) போட்டால் கடதாசி பறக்கிறது.

மின்விசிறியைப் பிள்ளையின் முகத்துக்கோ மேசைக்கோ நேராக வைக்காமல் எதிர்ச் சுவரை நோக்கித் திருப்பிவிடுங்கள். காற்று திரும்பி வரும், கடதாசி கிடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கம் யன்னல் உள்ள வீட்டில் எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் பல பின்னேரங்களில் பானே தேவைப்படாது. வேப்பமரமோ மாமரமோ நிழல் கொடுக்கும் விறாந்தை இருந்தால் மேசையை அங்கேயே போடுங்கள். வாடைக் காற்றும் மழையும் தொடங்கும்போது உள்ளே எடுத்துவிடலாம். படிக்கும் இடம் வருடம் முழுவதும் ஒரே இடமாக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நுளம்பு கடித்தால் பிள்ளை எப்படி இருந்து படிக்கும்?

இதை நான் சின்ன விடயமாக எடுப்பதில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் அதிகம். எங்கள் பிள்ளைகள் வீட்டுவேலை செய்யும் நேரமும் அதுவே. மேசையின் கீழே உள்ள இருட்டும், கொழுவி வைத்த புத்தகப் பையின் பின்புறமும் நுளம்புக்கு நல்ல ஒளிவிடம். மாரிமழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் குடாநாட்டில் டெங்கு கூடும் காலத்தில் தினமும் ஒருதரம் அங்கே தும்புத்தடியால் தட்டிவிடுங்கள். பிள்ளைக்கு நீளக் காற்சட்டை போடுங்கள். யன்னலுக்கு வலை அடிக்கலாம். மேசையில் அழகுக்குப் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் கொடி வளர்ப்பவர்கள் அதை எடுத்துவிடுங்கள். நுளம்பு முட்டையிட அந்தப் போத்தலே போதும்.

நுளம்புச் சுருளை மேசைக்குக் கீழே கொளுத்தி வைக்காதீர்கள். புகை முழுவதும் பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும்.

புத்தகங்களைக் கறையானும் மழையும் அழிக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

இறாக்கையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், அடித்தட்டை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். கறையான் சுவரால் ஏறி வரும்; இடைவெளி இருந்தால் மண்புற்றின் கோடு கண்ணுக்குத் தெரியும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவு, ஆனால் ஒரு மாரியில் ஊறி வீங்கிவிடும். பழைய மரத்தளபாடம் விற்கும் இடங்களில் தேடினால் அதே விலைக்கு உறுதியான மரம் கிடைக்கும். நவராத்திரியில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கும்போது இறாக்கையை முழுதாக இறக்கித் துடைத்து, தட்டுகளில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். மழைக்கு முன்னர் செய்யவேண்டிய வேலை சரியான நேரத்தில் முடிந்துவிடும்.

பாடங்கள் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. கைத்தொலைபேசியை எப்படி மேசையிலிருந்து விலக்குவது?

தொற்றுக்காலத்தில் வந்த பழக்கம் போகவில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் சொல்லும் ஒழுங்கு: தொலைபேசி ஹோலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் மின்னேற்றத்தில் நிற்கட்டும். பிள்ளை அங்கே போய்ச் செய்தியைப் பார்த்து, செய்ய வேண்டியதைக் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டு மேசைக்குத் திரும்பட்டும். செயலட்டை வந்தால் அச்செடுத்துக் கொடுங்கள், அல்லது பெரியவர் ஒருவர் கேள்வியைச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். காணொளி வகுப்பு நடக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, முற்றத்துத் தென்னையை என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 நொடி பார்க்கப் பழக்குங்கள்.

தொலைக்காட்சிச் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் பெரிய இடைஞ்சல்.

தொலைக்காட்சி உங்கள் கையில். பாட்டியின் நாடகம் ஏழு மணிக்கு என்றால் பிள்ளையின் வீட்டுவேலை ஏழுக்கு முன்னர் முடியட்டும். பாட்டியிடமிருந்து அதைப் பறிக்காதீர்கள், அவருக்கும் அந்த வீடு சொந்தம். ஒலிபெருக்கிக்கு நான்கு வீட்டார் சேர்ந்து கோயில் நிர்வாகத்திடம் போய், பரீட்சை நடக்கும் திகதிகளைச் சொல்லிக் கேளுங்கள். பக்குவமாகக் கேட்டபோது ஒலிபெருக்கியின் வாயைத் தெருப்பக்கத்திலிருந்து கோயிலுக்குள் திருப்பிவிட்ட நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் படிக்கலாமா?

எதிரெதிரே இருக்காமல் பக்கத்துப் பக்கத்தில், அல்லது மேசையின் இரு மூலைகளில் இருக்கட்டும். ஆளுக்கொரு லாச்சி அல்லது பெட்டி. அழிறப்பரும் அடிமட்டமும் ஆளுக்கொன்று. பாதிச் சண்டை அதிலேயே நின்றுவிடும்.

ஆனால் இந்தக் கேள்வியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, அதை நான் சொல்லாமல் விடமுடியாது. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில். ஒரு மணிநேரத்துக்குள் தங்கை மூன்று தரம் எழுப்பப்பட்டாள்: வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர், கொடியில் காயும் உடுப்பு, தம்பிக்கு முகம் கழுவிவிடுதல். அண்ணன் ஒருதரமும் எழும்பவில்லை. அவள் நான்காம் தரம் வந்து இருந்தபோது, பாதியில் நின்ற பெருக்கலை எங்கே விட்டாள் என்று விரலால் தேடினாள். தவணைப் பரீட்சையில் அவளுக்குப் புள்ளி குறைந்ததும் "இவளுக்குக் கணக்கு ஓடாது" என்றார்கள். மேசை இருவருக்கும் பொது. யாரும் கூப்பிடாத ஒரு மணிநேரம் ஒருவனுக்கு மட்டும் கிடைத்தது. மகள் படிக்கும் அந்த நேரத்தில் மகனைத் தேத்தண்ணீர் போடச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து தம்பி காசு அனுப்பியிருக்கிறார். பிள்ளைக்குப் பெரிய மேசைத் தொகுதி வாங்கலாமா?

பொருத்தமான உயரத்தில் ஒரு கதிரை, ஒரு மேசை லாம்பு, ஒரு இறாக்கை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சிய காசில் கதைப்புத்தகம் வாங்குங்கள். பாடநூல் எங்கள் நாட்டில் 1980 முதல் இலவசம். கதைப்புத்தகத்தை நாங்கள்தான் வாங்கவேண்டும்.

மகன் இருந்து படிக்கமாட்டான். முற்றத்தில் நடந்து நடந்து சத்தமாகப் படிக்கிறான்.

நடக்கட்டும். மனனம் செய்யும் பாடத்துக்குக் காலும் வாயும் சேர்ந்து வேலை செய்வது நல்லது. எழுதும் வேலைக்கு மட்டும் மேசைக்கு வரச் சொல்லுங்கள். மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரை போட்டுவிட்டால் இரண்டுக்கும் நடுவில் தானே இருப்பான்.

மேசைக்கு மேலே சுவரில் என்ன மாட்டலாம்?

பெருக்கல் வாய்ப்பாடு, நேரசூசி, பிள்ளை கீறிய படம். சரஸ்வதி படம் வைக்க விரும்பினால் வையுங்கள். மச்சாளின் மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எடுத்த புள்ளியையும், பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கையும் ஒட்டாதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலை நாலு மணிக்கு எழுப்பலாமா?

ஏழு மணிக்கே படுக்கும் பிள்ளையென்றால் எழுப்பலாம். ரியூசன் முடிந்து பத்து மணிக்குப் படுக்கும் பிள்ளையை எழுப்புவது கொடுமை. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணிநேர நித்திரை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடந்தகால வினாத்தாளின்மேல் தலை கவிழ்ந்து தூங்கும் பத்து வயதுப் பிள்ளைகளை நான் வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். எழுப்ப மனம் வருவதில்லை.

வீட்டில் உண்மையாகவே இடமில்லை. வேறு எங்கே அனுப்பலாம்?

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தைப் போய்ப் பாருங்கள். பத்திரிகை விரித்த ஒரு நீள மேசையும் பெஞ்சும் பின்னேரங்களில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். பொறுப்பாளரிடம் கேட்டு, பெற்றோர் முறைவைத்துக் கூட இருந்தால் பத்துப் பிள்ளைகள் படிக்கலாம். நகரத்தை அண்டியவர்களுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த அந்த நூலகத்தின் தொடக்கம், 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்க ஆரம்பித்ததுதான். உங்கள் வீட்டில் ஒரு மூலை மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள்.

ஒருமுறை அமைத்துவிட்டால் எத்தனை வருடம் போதும்?

வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, பிள்ளையைக் கதிரையில் இருத்திப் பாதம், முழங்கை, கொப்பிக்கும் கண்ணுக்குமான தூரம் மூன்றையும் பாருங்கள். கால்பலகையை ஒரு படி இறக்கவேண்டி வந்தால் அந்த ஆணியைப் பிள்ளையின் கையாலேயே கழற்றவிடுங்கள்.